சுங்க அதிகாரியின் கடைசிச் சோதனை

"கடல் சும்மா கிடக்கும்போது ஸ்டியரிங்கைக் குடுக்கிறீங்க. அலை எழும்பினா வாங்கிக்கிறீங்க. நான் எப்பத்தான் கத்துக்கிறது?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"அலை எழும்பட்டும், பாப்போம்," என்றாள் செலின்.

ஆவுடையப்பன் சுங்கத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடிக்கு வரும் படகுகளில் ஏறிச் சோதனை போடுவதுதான் அவர் வேலையாக இருந்தது. இப்போது சொந்தமாக ஒரு மோட்டார் யாட், அதாவது சின்ன உல்லாசப் படகு, வாங்கியிருந்தார். அதைத் தன் கையால் ஓட்ட வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

செலின் அவருக்குக் கற்றுக்கொடுக்க வந்த கேப்டன். அவர் மகள் வயதுதான் இருக்கும். அவள் சரி என்று சொல்லாதவரை அவர் தனியாகப் போக முடியாது.

அவளுடைய பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. எதையாவது மறைப்பவர்கள்தான் இப்படிச் சுருக்கமாகப் பேசுவார்கள்.

அன்று கரைக்குத் திரும்பும் வழியில் வடக்கே வானம் கறுத்தது. இடி கேட்டது.

செலின் வேகத்தைக் குறைத்தாள்.

"மழை துரத்திக்கிட்டு வருது. நீங்க மெதுவாப் போறீங்க."

"வேகமாப் போனா அலை மேல ஏறி அந்தப் பக்கம் விழுவோம். யாட்டோட வயிறு தாங்காது."

பிறகு தன் போனை எடுத்து, பின்னால் எட்டும் தூரத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்து மூடினாள்.

"என்ன சமையல்?"

"மின்னல் விழுந்தா அடுப்புக்குள்ள இருக்கறது பிழைக்கும். உங்க போனையும் குடுங்க."

"வீட்டில வச்சிட்டு வந்துட்டேன்."

போன் அவருடைய கால்சட்டைப் பையில் இருந்தது.

அடுத்து அவள் வரைபடம் காட்டும் திரையை அணைத்தாள்.

"அதை ஏன் அணைக்கிறீங்க?"

"மின்னல் வந்தா கருகிடும். இனி காம்பஸ் போதும்."

ஆவுடையப்பன் தலையாட்டினார். போகிற இடம் தெரியக் கூடாது என்று நினைப்பவன்தான் திரையை அணைப்பான். அப்படிப்பட்ட படகுகளை அவர் நிறையவே மடக்கியிருக்கிறார். வேகத்தைக் குறைத்தாள். போனைக் கேட்டாள். திரையை அணைத்தாள். கடலில் யாரோ இவளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

திரையின் மின் இணைப்பைத் துண்டிக்க அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கீழே குனிந்தாள். அவர் பையிலிருந்த போனை எடுத்து, போகும் பாதையைப் பதிவு செய்யும்படி வைத்தார். காம்பஸை ஒட்டிக் கிடந்த துடைக்கும் துண்டின் அடியில் அதைச் செருகினார்.

ஆதாரம் இருக்கட்டும்.

மழை பிடித்துக்கொண்டது. படகின் முன்முனையே தெரியவில்லை. செலின் காம்பஸைப் பார்த்து ஓட்டினாள்.

சற்று நேரத்தில் படகு பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழ ஆரம்பித்தது. ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை எங்க கொண்டு போறீங்க?"

"துறைமுகத்துக்கு."

"பொய் சொல்றீங்க."

"நான் சொல்லலை. காம்பஸ் சொல்லுது."

அவள் காம்பஸைக் குனிந்து பார்த்தாள். சந்தேகப்பட்ட பயணியை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"அலை வலது முன்பக்கத்தில அடிக்கணும். பக்கவாட்டில அடிக்குது."

"காத்து மாறியிருக்கும்."

"காத்து மாறும். காலையில இருந்து வர்ற பெரிய அலை அதுக்குள்ள மாறாது." வேகத்தை இன்னும் குறைத்தாள். "பக்கத்தில இரும்பு, காந்தம் ஏதாவது இருக்கா சார்? இருந்தா முள் திரும்பிடும்."

"என்னையே சோதனை போடறீங்களா?"

"கேட்டேன்."

"ஒண்ணும் இல்லை."

அப்போது இடப் பக்கத்திலிருந்து ஒரு இரைச்சல் வந்தது. இடி விட்டு விட்டுத்தான் கேட்கும். இது விடவே இல்லை.

"பார்," என்றாள் செலின்.

தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பாறைத் திட்டைத்தான் கடலோடிகள் பார் என்பார்கள். மோதினால் யாட் மிஞ்சாது.

ஆவுடையப்பன் துண்டைப் பார்த்தார்.

"போனில காந்தம் இருக்குமா?"

"ஸ்பீக்கர்ல இருக்கும்."

அவர் துண்டை விலக்கிப் போனை எடுத்தார். கை விலக விலக முள்ளும் நகர்ந்தது. நன்றாகவே நகர்ந்து நின்றது.

செலின் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை வலப் பக்கம் திருப்பி, அலை முன்புறம் அடிக்கும்வரை பிடித்திருந்தாள். இடப் பக்கம் மழைக்குள், பாரில் அலை உடையும் வெள்ளைக் கோடு தெரிந்தது. கூடவே வந்தது. பிறகு பின்னால் போயிற்று.



ஆவுடையப்பன் போனைப் பார்த்தார். படகு வந்த பாதை அதில் பதிவாகியிருந்தது. நேராகப் பாரை நோக்கிப் போகும் கோடு. அவர் சந்தேகப்பட்டதை விடவும் மோசமாக இருந்தது.

"காட்டுங்க," என்றாள் செலின். பார்த்தாள். "நல்ல ஆதாரம். இதை வச்சு என்னை உள்ள போட்டிருப்பீங்க."

"போட்டிருப்பேன்," என்றார். அந்தப் பாதையை மறுபடி பார்த்து, "இப்படி யாரையெல்லாம் போட்டேனோ," என்றார்.

செலின் போனை வாங்கி அடுப்புக்குள் வைத்தாள்.

மறுபடி இடித்தது. ஒரு பெரிய அலை முன்முனையைத் தூக்கி இறக்கியது.

"வாங்க சார். பிடிங்க."

"இப்பவா? இந்த அலையிலயா?"

"இந்த அலையிலதான்."

அவர் ஸ்டியரிங் வரை வந்தார். கையை நீட்டியவர் நிறுத்திக்கொண்டார்.

கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார். சாவிக்கொத்து வந்தது. மற்றப் பையில் டார்ச் இருந்தது. காந்த மூடி போட்ட கண்ணாடிக்கூடு இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துப்போய்ப் பின்னால் கடைசி இருக்கையில் வைத்துவிட்டு வந்தார். இடுப்பைச் சுற்றித் தடவினார். பெல்ட்டைக் கழற்றி அதையும் அங்கே வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார்.

செலின் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டைப் பையை விட்டுட்டீங்க, சார்," என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து விலகினாள்.