பத்து லட்சத்து மூன்று

“நாளைக்குக் கிளம்புறேன் அம்மா. இந்த மடமும் எனக்கு ஒத்துவரல.”

ஆவுடையப்பர் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி போனதிலிருந்து அவருக்கு நிம்மதியான தூக்கம் இல்லை. அந்த நிம்மதியைத் தேடித்தான் மடம் மடமாக ஏறி இறங்கினார். ஒரு மடத்தில் பஜனைச் சத்தம் அதிகம். இன்னொன்றில் குரு பேசவே மாட்டார். வேறொன்றில் சோறு குழைந்துவிடும்.

ஞானம்மை அவரைவிட இளையவர். ஆனாலும் இங்கே அவர்தான் குரு.

“அடுத்து எங்கே?”

“மலையடிவாரத்துல புதுசா ஒரு மடம் வந்திருக்காம். ரொம்ப அமைதியாம்.”

இக்கரைக்கு அக்கரை பச்சை.

“போய்ட்டு வாங்க. போறதுக்கு முன்னாடி, ஒண்ணையும் அதே எண்ணையும் விட்டுட்டு, பத்து லட்சத்து மூணை மீதி இல்லாம வகுக்கிற வேற எண் ஒண்ணு சொல்லிட்டுப் போங்க.”

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஏழால் வகுத்தார். மீதி நாலு.

பதினொன்றால் வகுத்தார். நாலு.

பதிமூன்றிலும் அதே நாலு. அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் கிளம்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒருமுறை அகப்பட்டுவிட்டது என்று துள்ளிக் குதித்தார். சரிபார்த்தால், கழித்தலில் கடன் வாங்க மறந்திருந்தார். பாவம், மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. கணக்கு கேட்டது எதற்கு, தன்னை நிறுத்திவைக்கவா, துரத்தவா? ஒன்றும் புரியவில்லை.

கடைசியில் ஒரு காலை, கோபத்தோடு வந்து நின்றார்.

“அது பகா எண் அம்மா! ஒண்ணு வகுக்கும், அதுவே அதை வகுக்கும். வேற எதுவும் வகுக்காது.”

“எல்லா எண்ணையும் பார்த்துட்டீங்களா?”

“ஆயிரம் வரைக்கும் பார்த்தேன்.”

“அதுக்கு மேல எத்தனையோ லட்சம் எண் கிடக்கே. ஒண்ணாவது ஒத்துவராதா?”

ஆவுடையப்பருக்குப் பழைய வகுப்பறைக் குரல் வந்துவிட்டது.

“வராது. ஒரு பெரிய எண் வகுத்தா, அதுக்குச் சோடியா ஒரு சின்ன எண்ணும் வகுத்தாகணும். ரெண்டுமே ஆயிரத்தைத் தாண்டினா, பெருக்கல் பத்து லட்சத்து மூணையே தாண்டிப் போயிடும். அந்தச் சின்னதெல்லாம் நான் பார்த்தாச்சு.”

“மிச்சத்தைப் பார்க்காமலே சொல்றீங்க.”

“பார்க்க வேண்டாம்மா! இதுவரைக்கும் பார்த்ததுல இல்லைன்னா, இனிமே எவ்வளவு தூரம் போனாலும் கிடைக்காது. அது அந்த எண்ணோட குணம். போறவன் முட்டாள்.”

ஞானம்மை தலையாட்டினார்.

“சரி. அந்தப் புது மடம் எந்தப் பக்கம்னு சொன்னீங்க?”

ஆவுடையப்பர் மலைப்பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.