குடம் இறங்கிய இடம்

அந்தக் காலத்தில், ஆறும் காற்றும் மனிதர்களோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் மாராயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய புருஷன் சடையன் வீடு கட்டுவதில் கெட்டிக்காரன். எங்கே கட்டுவது என்பதில்தான் அவனுக்கு மூளை வேலை செய்யாது.

முதலில் ஆற்றங்கரையிலேயே கட்டினான். கையை நீட்டினால் தண்ணீர் என்று பெருமை வேறு. ஐப்பசி மழையில் ஆறு வந்து வீட்டையும் சாமை கொட்டிவைத்த குதிர்களையும் அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வருஷமும் அதே இடத்தில் கட்டினான். அடுத்த வருஷமும் ஆறு வந்தது.

மாராயி ஆற்றிடம் போய்க் கத்தினாள். "ஏன் ஆத்தா, என் வீடுதான் கெடச்சுதா உனக்கு?"

"நான் படுக்கிற எடத்துல வீட்டக் கட்டிட்டு என்னையே கேக்கிறியா?" என்றது ஆறு. "வருஷத்துக்கு ஒரு தடவ காலை நீட்டிப் படுப்பேன். அந்த நாவல் மரம் வரைக்கும் என் எடம். உன் புருஷங்கிட்ட சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சுப் போச்சு."

சடையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆற்றின் சங்காத்தமே வேண்டாமென்று மலை உச்சியில் போய்க் கட்டினான். ஆடி மாதம் காற்று கூரையைத் தூக்கியெறிந்தது. "என் வழியில நின்னா தள்ளத்தான் செய்வேன்" என்றது காற்று. திறந்த வீட்டில் மழை இறங்கி, விதைக்கு வைத்திருந்த சாமையெல்லாம் முளைவிட்டுக் கெட்டது. மிஞ்சியது ஒரு நாழி. அதுவும் போனால் விதைக்க ஒன்றுமில்லை, பட்டினிதான். மாராயி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். சடையனோ அதே உச்சியில் மறுபடியும் சுவர் வைக்க ஆரம்பித்தான்.

மண் குழைக்கத் தண்ணீர் வேண்டுமே. மாராயி ஆற்றிலிருந்து தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று நாளெல்லாம் ஏறினாள். நாவல் மரத்தைத் தாண்டி, ஒரு பெரும்பாறையின் மறைவுக்கு வந்தபோது உச்சியிலிருந்து சடையனின் குரல் வந்தது.

"ஏ புள்ள, இன்னும் நாலு எட்டுதான். வெரசா வா."

மாராயி குடங்களை இறக்கி வைத்தாள். மூன்று கல்லைக் கூட்டி அங்கேயே அடுப்பு மூட்டி, முளைவிட்ட சாமையில் கஞ்சி வைத்தாள்.

"நாலு எட்டு நாலு எட்டுன்னே என் கழுத்து ஒடிஞ்சு போச்சு. இனி ஒரு எட்டு வைக்க மாட்டேன். கஞ்சி இங்க கொதிக்குது, பசிச்சா எறங்கி வா. வரும்போது கூரைப் புல்லையும் கொண்டா."

பொழுது சாயும்வரை முறைத்துக்கொண்டிருந்த சடையன், புல்கட்டோடு இறங்கி வந்தான்.

அந்த ஐப்பசியில் ஆறு நாவல் மரத்தின் வேர்வரை வந்து, வண்டலை விட்டுவிட்டுத் திரும்பிப் போனது. காற்று பாறைக்கு மேலேயே போய்விட்டது. மாராயி முந்தானையை அவிழ்த்து அந்த வண்டலில் விதைத்தாள். சாமை இடுப்பளவு வளர்ந்தது. "நான் பாத்துக் கட்டின எடமாக்கும்" என்று சடையன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுக்குப் பதில் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

அன்று முதல்தான் அந்தப் பள்ளத்தாக்கில் வயல் அடியிலும் வீடு மலையின் பாதியிலும் இருக்கின்றன. புது வீடு கட்டுமுன் அந்த வீட்டுப் பெண் ஆற்றிலிருந்து நிறைகுடத்தோடு ஏறுவாள். மரத்தைத் தாண்டி அவள் எங்கே இறக்குகிறாளோ அங்கேதான் அடுப்பு. இன்னும் நாலு எட்டு போகலாமே என்று எந்த ஆம்பிளையும் வாயைத் திறப்பதில்லை.