பழைய அம்பாரத்து உப்பு

அந்தக் கடலோர மடத்தில் குரு இளையவர், சீடர் கிழவர். குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் பொன்னுத்துரைக்கோ அறுபத்தாறு. உப்பளத்தில் நாற்பது வருஷம் கங்காணியாக இருந்தவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து அடுப்படியை ஏற்றுக்கொண்டார்.

உப்பு விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. புதிதாக வாரிய உப்பு கசக்கும் என்று தொடமாட்டார். ஒரு மழைக்காலம் அம்பாரத்தில் குவிந்து கிடந்து, கசப்பு வடிந்த பழைய உப்பாகப் பார்த்து அள்ளி வருவார். அலசி, முறத்தில் காயவைத்து, பரணியில் மூடி வைப்பார். ஊறுகாய்க்குக் கல்லாகவே போடுவார். குழம்புக்குத் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கும் மண்ணை விட்டுத் தெளிந்ததை ஊற்றுவார். பாக்கெட் உப்பைக் கண்டால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் பந்தி முடிந்ததும் குருவின் முன் வந்து நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். நாலு வருஷமா நெஞ்சுல கிடக்கு."

"கேளுங்க பெரியவரே."

"எம் வீட்டுக்காரிக்குக் கிட்னி கெட்டுப்போச்சு. காலு, முகமெல்லாம் வீங்கிட்டு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரு. நான் பாக்கெட் உப்பைத் தூக்கிப் போட்டுட்டு, நல்ல கடலுப்பா பாத்துப் பாத்துப் போட்டு ஆக்கிக் குடுத்தேன். மூணே மாசம், போயிட்டா. கடல் குடுத்த உப்பு கொல்லுமா சாமி?"

குரு எழுந்து கொல்லைக்குப் போனார். அரைக்கீரை முளைத்திருந்த இரண்டு தொட்டிகளைக் காட்டினார்.

"இதுக்குப் பாக்கெட் உப்பு. அதுக்கு உங்க உப்பு. ஒரே அளவு. தினமும் கரைச்சு ஊத்துங்க."

முதல் இரண்டு நாள் தன் தொட்டி நிமிர்ந்து நிற்பதாகவே பொன்னுத்துரைக்குத் தோன்றியது. மனசு அப்படித்தான் பார்க்கும். ஆறாம் நாள் இரண்டு தொட்டியிலும் கீரை கருகிக் கிடந்தது.

"எது முந்தி?" என்றார் குரு.

"ரெண்டும் ஒண்ணாத்தான்."

பொன்னுத்துரை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாமத்தானே சாமி செஞ்சேன்? அவ பொழைக்கணும்னுதானே செஞ்சேன்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், மீதி நாளைத் தள்ளிவிடலாம் என்று இருந்தது அவருக்கு.

"சாப்பிடும்போது அந்த அம்மா ஒண்ணும் சொல்லலியா?"

பொன்னுத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

"சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

"'டாக்டர் குறைக்கச் சொன்னது இதையும் சேத்துத்தானே'ன்னு கேட்டா."

"நீங்க?"

"உப்பைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கியான்னு கத்தினேன். அப்புறம் அவ வாயே திறக்கல. போட்டதைத் தின்னா."

குரு கருகிய கீரையை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறினார்.

"அப்போ இந்தக் கீரையை நாம அநியாயமாக் கொன்னுட்டோம் பெரியவரே. பதிலை அந்த அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்களே."