மச்சான் காத்த பயிர்

மருதவேந்தன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். மச்சான் சொன்னால் மட்டும் எதையும் நம்பிவிடுவார். அந்த மச்சான் வல்லபராயனுக்கு ஒரு வேலையும் வராது. அதனால் அவனுக்கென்றே ‘பயிர்க்காவல் அதிகாரி’ என்று ஒரு பதவியை உண்டாக்கி, கையில் ஒரு தம்பட்டத்தையும் கொடுத்திருந்தார்.

அந்த வருஷம் நாணற்குடி நெல்வயல்களில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. பச்சைப் பயிரெல்லாம் வெளுத்துப்போயிற்று.

“குடியானவர்களின் சோம்பேறித்தனம்! நிலத்தைப் பிடுங்கி வேறு ஆட்களிடம் கொடுங்கள்” என்றான் வல்லபராயன். ராஜாவும் தலையை ஆட்டிவிட்டார்.

சபையில் இருந்த அம்பலவனுக்கு இது பொறுக்கவில்லை. விகடம் பேசிப் பிழைக்கிறவன்தான்; ஆனாலும் சேற்றில் இறங்கி வளர்ந்தவன். “அவசரப்படாதீர்கள் மகாராஜா. பூச்சியை நான் விரட்டுகிறேன்” என்றான்.

வல்லபராயன் சிரித்தான். “தாராளமாக. ஆனால் ஒருவரும் புழுவைக் கையால் தொடக் கூடாது. மருந்து, புகை எதுவும் கூடாது. அமாவாசைக்குள் பயிர் தேறாவிட்டால் குடியானவர்களோடு இவனும் ஊரைவிட்டுப் போகட்டும்!”

“அப்படியே” என்றார் ராஜா.

அம்பலவன் நாணற்குடிக்குப் போனான். வயலில் மருந்துக்குக்கூட ஒரு குருவி இல்லை. கரிச்சான் குருவி உட்கார்ந்து புழு பொறுக்கட்டும் என்று பயிர் நடுவே காய்ந்த கிளைகளை நட்டுவைப்பது அந்த ஊர் வழக்கம். அதையும் காணோம்.

“குச்சியெல்லாம் எங்கே?” என்று வயற்காரி மாடத்தியிடம் கேட்டான்.

“அதை ஏன் கேக்குறீங்க சாமி! நெல்லு திங்கிற பறவைக்கு ஆசனம் போடுறீங்களான்னு அதிகாரி ஐயா அத்தனையும் புடுங்கி, அவுக வீட்டு அடுப்புக்கு அனுப்பிட்டாரு. பறவையை வெரட்டப் பொழுதன்னிக்கும் தம்பட்டம் வேற. காதே போச்சு.”

கதிரே வராத பயிரில் ஏது நெல்? அம்பலவனுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. “குச்சியை மறுபடி நடுங்கள். தம்பட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றான்.

நேரே வல்லபராயன் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டான். “எப்படியும் தோற்கப் போகிறேன். ஊரைவிட்டுப் போகுமுன் தங்களுக்கு என் வீட்டில் விருந்து வைக்க ஆசை.”

இலை முன் உட்கார்ந்த வல்லபராயன் அமாவாசை வரை அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. தின்றான், தூங்கினான். தூங்கி எழுந்து மறுபடி தின்றான். தம்பட்டம் மூலையில் கிடந்தது.

அமாவாசையன்று ராஜா வயலுக்கு வந்தார். குச்சிக்குக் குச்சி கரிச்சான். பயிர் புதுக் குருத்து விட்டுப் பச்சையாக நின்றது.

“எப்படியடா விரட்டினாய்?”

“நான் விரட்டியது ஒன்றே ஒன்றைத்தான் மகாராஜா. அது இப்போது என் வீட்டில் அதிரசம் தின்றுகொண்டிருக்கிறது. மிச்சத்தைக் கரிச்சான் பார்த்துக்கொண்டது.”

ராஜாவின் முகம் சிவந்தது. அடுப்புக்குப் போன குச்சிகளின் கதையை மாடத்தி சொன்னதும், அவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. “நிலம் குடியானவர்களுக்கே! மச்சான் அறுவடை வரை உன் வீட்டிலேயே விருந்து சாப்பிடட்டும்!”

அம்பலவன் தடாலென்று காலில் விழுந்தான். “வேண்டாம் மகாராஜா! அந்தப் புழுவையே என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதுவாவது வயிறு நிறைந்து கூட்டுக்குள் தூங்கப் போனால், எழுந்து வந்து மறுபடி இலை போடச் சொல்லாது!”