கார்முகிலின் முதுகில் விட்ட மயிர்

மேகம் வீட்டுக்குள் புகுந்து வெளியேறும் அளவுக்கு உயரமான மலைநாடு ஒன்றை முன்னொரு காலத்தில் கண்டீரராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே சரி என்பார்.

அவருடைய குதிரை லாயத்துக்குத் தலைவர் மீரான் ராவுத்தர். அந்த மார்கழியில் ராவுத்தருக்கு உடம்பெல்லாம் அசதி. காரணம், அரசரின் செல்லக் குதிரை கார்முகில். வடக்கே பனிநாட்டில் பிறந்தது. குளிர் வந்தால் கரடி மாதிரி மயிர் அடர்ந்துவிடும். அரசரோ விடிந்ததும் அதை மலைப்பாதையில் விரட்டுவார். வேர்வை அந்த மயிருக்குள் ஊறிக் கிடக்கும். உச்சிவேளை வரை காயாது. ஈரத்தோடு குளிர்காற்றில் நின்று குதிரைக்கு இருமல் கண்டுவிட்டது. ராவுத்தர் வைக்கோலைச் சுருட்டித் துடைத்துத் துடைத்து இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் கத்திரியை எடுத்தார். கழுத்து, வயிறு, விலா என்று இரண்டு நாள் உட்கார்ந்து மயிரைக் கத்தரித்தார். முதுகில் சேணம் உட்காரும் இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, குதிரை மேல் கம்பளியைப் போர்த்தினார்.

மறுநாள் அரசரோடு வல்லபதேவரும் வந்தார். இவர் அரண்மனை அலங்கார அதிகாரி. அரசர் எதற்கெடுத்தாலும் ராவுத்தரைக் கூப்பிடுவது இவருக்கு வெகுநாள் எரிச்சல்.

"என்ன கோலம் இது, மகாராஜா! பாதிச் சவரத்தில் நாவிதன் ஓடிப்போன மாதிரி இருக்கிறதே!" என்றார்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் ராவுத்தரே, முதுகை மட்டும் விட்டுவிட்டீர்?"

"சேணத்துக்கு அடியில் அந்த மயிர்தான் மெத்தை, மகாராஜா. அதையும் எடுத்தால் தோல் உராய்ந்து புண்ணாகும்."

"சேணத்துக்கு அடியில்தான் துணி போடுகிறோமே!" என்றார் வல்லபதேவர். "கை ஓய்ந்துவிட்டது, விட்டுவிட்டார். இப்போது கதை சொல்கிறார். சோம்பல், மகாராஜா, சோம்பல்!"

கை ஓய்ந்தது உண்மை. அதனால்தான் அந்தச் சொல் ராவுத்தருக்குச் சுருக்கென்று தைத்தது.

அரசர் தீர்ப்பு சொல்லிவிட்டார். "நாலு நாளில் பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போகிறேன். ஏழு நாள் மலைப்பாதை. நாளை மாலைக்குள் முதுகும் வழவழவென்று ஆக வேண்டும். முடியாதென்றால் லாயத்துச் சாவி வல்லபதேவரிடம் போகட்டும்."

சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடலாமா என்றுகூட ராவுத்தருக்குத் தோன்றியது. ஆனால் போன வருஷம் கார்முகிலுக்கு வந்த முதுகுப் புண் நினைவுக்கு வந்தது. வேப்பிலைத் தண்ணீர் பட்டாலே உடம்பு நடுங்க நின்ற குதிரை அது. ஆறுவதற்கு இரண்டு மாதம். அதை இன்னொரு தரம் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலை சபை வாசலில் காவலாளியிடம் சற்று உரக்கவே சொன்னார். "சிங்காசனப் பலகையில் எவ்வளவு அழகாகத் தாமரை செதுக்கியிருக்கிறார்கள்! மெத்தை அதை மறைத்துக் கிடக்கிறதே. இன்று மகாராஜாவிடம் சொல்லப்போகிறேன்."

தூணுக்கு அந்தப் பக்கம் வல்லபதேவர் நிற்பது அவருக்குத் தெரியும்.

ராவுத்தர் லாயத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் மெத்தை போய்விட்டது. தாமரை தெரியும்படி மெல்லிய சல்லாத்துணி மட்டும் விரித்திருந்தது.

"முழுக்க முழுக்க என் யோசனை, மகாராஜா!" என்றார் வல்லபதேவர்.

"பலே!" என்று அரசர் உட்கார்ந்தார்.

அன்று பார்த்து இரண்டு ஊருக்கு ஒரு சுனைத் தகராறு. பேச்சு நீண்டுகொண்டே போனது. அரசர் இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். உச்சிப்பொழுதில் துள்ளி எழுந்தார்.

"எந்த மடையன் மெத்தையை எடுத்தது?"

"ராவுத்தர்தான் சொன்னார், மகாராஜா..." என்று இழுத்தார் வல்லபதேவர்.

"காலையில் உம்முடைய யோசனை என்றீரே?"

ராவுத்தர் முன்னால் வந்தார். "அவரைக் கோபிக்காதீர்கள், மகாராஜா. அடியில்தான் துணி போட்டிருக்கிறோமே என்று நினைத்திருப்பார்."

அரசர் அவரையே பார்த்தார்.

"உங்களுக்கு வலித்தது, எழுந்துவிட்டீர்கள்," என்றார் ராவுத்தர் களைத்த குரலில். "கார்முகிலுக்கு வலித்தால் சேணத்தை இறக்கிவைக்க அதற்குக் கையா இருக்கிறது? ஏழு நாள், மகாராஜா."

அரசர் பின்புறத்தைத் தடவிக்கொண்டே லாயத்துக்கு நடந்தார். குதிரையின் முதுகு மயிரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "இது இப்படியே இருக்கட்டும்," என்றார்.

"வல்லபதேவரே, குதிரையை அழகு பார்க்க ஆசைப்பட்டீரல்லவா? குளிர் போகும்வரை தினமும் காலையில் இதன் வேர்வையை நீரே துடைத்துக் காயவைப்பீர். ராவுத்தர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் உமக்குச் சாப்பாடு." பிறகு திரும்பினார். "ராவுத்தரே, என்ன வேண்டும்? கேளும்."

ராவுத்தர் யோசித்தார். பதக்கமும் பட்டமும் சுமக்கக்கூட அப்போது அவருக்குச் சக்தியில்லை.

"சவாரி முடிந்து திரும்பும்போது கடைசி அரைக்காதம் மகாராஜா இறங்கி நடந்து வரவேண்டும். சேணத்து வாரைத் தளர்த்திவிட்டு நடத்தி வந்தால் முதுகு ஆறும்."

கூட வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். அரசரைப் பார்த்து நடக்கச் சொல்வதாவது! அரசர் மட்டும், "நடக்கிறேன்," என்றார்.

கல்யாணம் முடிந்து திரும்பிய அன்று, புழுதிக் காலோடு குதிரையைப் பிடித்துக்கொண்டு அரசர் ஊருக்குள் நடந்து வந்ததை ஜனங்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். ராவுத்தர் சேணத்தை இறக்கி முதுகைத் தடவினார். ஒரு கீறல் இல்லை. "நன்றாயிருக்கிறது," என்றார், அங்கேயே வைக்கோலில் சாய்ந்தார், தூங்கிப்போனார்.

வணங்காமல் தூங்குகிறாரே என்று ஒரு காவலாளி அவரை எழுப்பப் போனான். அரசர் உதட்டில் விரலை வைத்து அவனை நிறுத்தினார். குதிரைக்குக் கொள்ளுக் கூடையைத் தாமே எடுத்துவைத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே போனார்.