அழிக்க முடியாத பெயர்

மடத்தில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அம்மையாரிடம் தெய்வானை ஓடி வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. வந்த வேகத்தில் காலில் விழுந்தாள்.

"படிச்சதையெல்லாம் திருப்பி எடுத்துக்குங்கம்மா."

அம்மையாருக்குச் சாதாரணமாகவே வாய் நீளம். அன்று ஏனோ திட்டவில்லை.

"என்ன ஆச்சு?"

"வீட்டுல அவுகளுக்கு விடாத காய்ச்சல். பொம்பளை ஏடெடுத்தா தாலி தங்காதுன்னு மாமியா அப்பவே சொன்னாக. நான்தான் கேக்கலை."

"வைத்தியர் வந்தாரா?"

"மருந்து குடுத்திருக்காரு. ஆனா குத்தம் எங்கிட்ட இருக்கே! மருந்து எப்படிம்மா கேக்கும்?"

அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"சரி, மறந்துடு" என்ற அம்மையார், மணலில் விரலால் ஏதோ எழுதினார். "இதைப் படிக்காதே."

அதற்குள் படித்துவிட்டாள். மாசிலாமணி. புருஷன் பெயர். வாயால் சொன்னாலே அவன் ஆயுசு குறையும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லாத பெயர்.

"ஐயோ, படிச்சுட்டேனே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழிச்சிடு."

கையை நீட்டினாள். பெயருக்கு மேலே போனதும் கை நின்றுவிட்டது.

"அவுக பேரை என் கையாலயே எப்படி அழிப்பேன்? அது இதைவிடப் பாவமில்லையா?"

"படிச்சாலும் பயம், அழிச்சாலும் பயம்" என்றார் அம்மையார். "உன் மாமனார் எப்படிப் போனார்?"

"அவுகளும் காய்ச்சல்லதான் போனாக."

"மாமியாருக்கு எழுத்துத் தெரியுமா?"

"ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா..." தெய்வானையின் குரல் இறங்கியது. "வாசல்ல நின்னு சத்தமாச் சிரிச்சாகளாம். அதனாலதான் போயிட்டாருன்னு சனம் சொல்லுச்சாம்."

"அப்புறம்?"

"அதுலேர்ந்து மாமியா சிரிக்கிறதில்லை. நான் ஒருநாளும் பார்த்ததில்லை."

இதற்குள் குழந்தை இடுப்பிலிருந்து நழுவி மணலில் உட்கார்ந்திருந்தது. 'மா'வின் வளைவில் விரலை வைத்து, கோட்டோடு மெல்ல இழுத்துக்கொண்டு போனது. முகமெல்லாம் சிரிப்பு.

தெய்வானை வெடுக்கென்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை வீறிட்டது.

அம்மையார் எழுந்துகொண்டார்.

"அவ சிரிப்பை விட்டா. நீ படிப்பை விட வந்திருக்கே. இவ எதை விடணும்? அதையும் இப்பவே சொல்லிக் குடுத்துடு."