தெப்பக்குளத்தில் நடந்த கடற்போர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நல்ல மனுஷர்தான். யாராவது புகழ்ந்துவிட்டால் மட்டும் தலைகால் புரியாது.

ஒரு நாள் ஒரு புலவர் வந்து, "நாற்றிசையும் வென்ற வேந்தே!" என்று பாடிவிட்டுப் பரிசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ராஜாவுக்கு உடனே சந்தேகம். வடக்கு சரி, தெற்கு சரி, மேற்கும் சரி. கிழக்கே கடல்தானே இருக்கிறது? அந்தக் கடல் நடுவே ஒரு குட்டித் தீவு உண்டு. நாற்பது குடிசையும் கொஞ்சம் தென்னையும், அவ்வளவுதான்.

"அந்தத் தீவைப் பிடித்தே ஆக வேண்டும்!" என்றார் ராஜா.

தளபதி வீரகேதுவுக்கு வாயெல்லாம் பல். கடற்கரை மீனவர்களின் படகுகளையெல்லாம் பறித்து, மாட்டுவண்டிகளில் ஏற்றித் தலைநகருக்குக் கொண்டுவந்துவிட்டான். "எங்க பிள்ளைகுட்டி சோத்துக்கு என்னங்க செய்யும்?" என்று மீனவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தார்கள். யார் காதில் விழுகிறது?

அரசவை விகடகவி மருதவாணன் மட்டும் வாயைத் திறந்தான். "அரசே, நம் வீரர்கள் கிணற்றைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்ததில்லை. கடல் அவர்களைத் தின்றுவிடும்."

வீரகேதுவுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. ராஜா இவன் பேச்சுக்குச் சிரிக்கிறாரே என்று வயிற்றெரிச்சல். நல்ல சமயம் என்று எழுந்தான்.

"மன்னர் பெருமானே! படையெடுப்புக்கு முன் கோயில் தெப்பக்குளத்தில் ஓர் ஒத்திகை நடத்துவோம். நடுவில் உள்ள நீராழி மண்டபம்தான் தீவு. விகடகவியே தீவின் அரசர். நிஜப் போர் போலவே நடக்கட்டும். தோற்ற அரசர் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டே வெளியேற வேண்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை. "ஆகட்டும், நானே படை நடத்துகிறேன்!" என்று, அந்த நிபந்தனையை எழுதிய ஓலையில் முத்திரையும் வைத்துவிட்டார்.

மருதவாணன் அதை இரண்டு முறை படித்தான். "நிஜப் போர் போலவேதானே, அரசே?"

"அப்படியேதான்!"

வீட்டுக்குப் போனால் மனைவி குழலி நிறைமாதக்காரி. "இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நான் எந்த நாட்டுக்குங்க நடப்பேன்? அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு இருந்தாத்தான் என்ன?" என்று அழுதாள். மருதவாணன் மடியிலிருந்த ஓலையை எடுத்து மூன்றாம் முறை படித்தான்.

மறுநாள் காலையில் அவனை மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள். துணைக்கு ஓர் ஆள் கிடையாது, கையில் ஒரு குச்சி கிடையாது. எதிர்க்கரையிலோ முந்நூறு பேர்! ராஜா கண்ணுக்குப் படை நிறைந்து தெரிய வேண்டுமே என்று, கோட்டைக் காவலர், அரண்மனை வாசற்காவலர், மடைப்பள்ளிச் சமையல்காரர் வரைக்கும் கையில் ஆளுக்கொரு வேல் கொடுத்து நிறுத்தியிருந்தான் வீரகேது.

கோயில் குளமல்லவா? முந்நூறு பேரும் பயபக்தியோடு செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார்கள், ராஜாவும்தான். அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வேன்! முன்னால் இருப்பவன் ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் பின்னால் இருப்பவன் எதிர்ப்பக்கம் போடுகிறான். படகு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இரண்டு படகு முட்டிக்கொண்டு, அதற்கு ஒரு சண்டை வேறு. உச்சி வேளைக்குத்தான் மண்டபத்தைத் தொட்டார்கள். "பிடி! பிடி!" என்று எல்லோரும் ஒரே பாய்ச்சலாகப் படியேறினார்கள்.

தூணுக்குப் பின்னால் தெரிந்த தலைப்பாகையை வீரகேது எட்டிப் பிடித்தான். தலைப்பாகை மட்டும்தான் கையோடு வந்தது. கல்விளக்கின் மேல் அதைச் சுற்றி வைத்திருந்தான் நம்ம ஆள்.

"அரசே, படகு!" என்று யாரோ அலறினார்கள். ஏறிய அவசரத்தில் ஒரு படகைக்கூட ஒருவரும் கட்டவில்லை. எல்லாம் காற்றடித்த பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தன. கரையில் நின்ற மீனவர்கள் வந்த படகை வந்தபடி இழுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். நீந்திப் பிடிக்கலாம் என்றால் முந்நூறு பேரில் ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது. மண்டபத்தில் நூறு பேருக்குத்தான் நிழல். மற்றவர்கள் வெறுங்காலோடு, கொதிக்கிற படிக்கல்லில் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார்கள்.

மருதவாணனோ, இவர்கள் குளத்தில் முட்டிக்கொண்டிருந்தபோதே மறுபக்கமாக நீந்திக் கரையேறி, ஈர வேட்டியோடு அரண்மனைக்குப் போயிருந்தான். தடுக்க வாசலில் ஓர் ஆள் இல்லை. நேரே போய்ச் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

சத்தம் கேட்டுப் பட்டத்து ராணி எட்டிப் பார்த்தாள். "மருதவாணரே, இது என்ன கோலம்?"

"மன்னிக்க வேண்டும், தேவி. இன்று நான் தீவு ராஜா. உங்கள் தலைநகரைப் பிடித்துவிட்டேன்."

"பிடித்தாயிற்றா? சரி, மோர் குடிக்கிறீரா?" என்றாள் ராணி.

கொஞ்ச நேரத்தில், மீனவர் தலைவர் பெரியாண்டி ஒரு சின்னப் படகில் மண்டபத்துக்குத் தூது வந்தார். "தீவு ராஜா சொல்லச் சொன்னாருங்க. சிம்மாசனம் இப்ப அவருகிட்ட இருக்குதாம். தோத்த ராஜா பொழுது சாயறதுக்குள்ள கிளம்பணும்னு ஓலையும் இருக்குதாம். எந்தப் பக்கம் போறீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"அநியாயம்! தீவை நாம் பிடித்துவிட்டோம், அரசே!" என்று கத்தினான் வீரகேது.

"தீவை நாம் பிடித்தோம், தளபதி. நாட்டை அவன் பிடித்துவிட்டானே" என்றார் ராஜா. குதித்துக்கொண்டிருந்த தன் படையை ஒருமுறை பார்த்தார். குளத்துக்கே இந்த லட்சணம் என்றால் கடலுக்கு?

பெரியாண்டியின் படகில் ஒருவருக்குத்தான் இடம். ராஜா அதில் ஏறி, செருப்பைக்கூடத் தேடாமல் அரண்மனைக்கு வந்து, சிம்மாசனத்தின் முன் நின்றார். "தீவரசே, சமாதானத்துக்கு என்ன கேட்கிறீர்?"

"படகுகள் மீனவர்களிடமே இருக்கட்டும். தீவு தீவுக்காரர்களிடமே இருக்கட்டும். நான் என் வீட்டிலேயே இருக்கிறேன். என் மனைவியால் நடக்க முடியாது, அரசே."

"இவ்வளவுதானா? நாடே கையில் இருந்ததே! இன்னும் பெரிதாகக் கேட்டிருக்கலாமே?"

மருதவாணன் மளமளவென்று இறங்கினான். "வேண்டாம், அரசே. உட்கார்ந்த அரை நாளிலேயே, பக்கத்து நாட்டை என்ன செய்யலாம் என்று எனக்கும் புத்தி போக ஆரம்பித்துவிட்டது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "வீரர்களைக் கரைக்குக் கொண்டுவாருங்கள்! தளபதி மட்டும் பொழுது சாயும்வரை அங்கேயே இருக்கட்டும். அவர் பிடித்த தீவு, அவரே ஆளட்டும்!"

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். மருதவாணன் கையை நீட்டினான்.

"உன்னிடம் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா. ஒரு மண்டபத்தைக் கொடுத்ததற்கே நாட்டைப் பிடித்துவிட்டாய்!" என்று சிரித்துக்கொண்டே, மாலையை ராணியிடம் கொடுத்துக் குழலிக்கு அனுப்பிவைத்தார் ராஜா.